நர்சரியில் 'நாட்டு வெட்சி' என்று கொடுத்த செடி உண்மையில் எது? இலை வேறு மஞ்சளாகிறது

மொட்டைமாடி_தாம்பரம் | ஜூன் 11

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) பக்கம் ஒரு நர்சரியில் வெட்சி வாங்கினேன். "நாட்டு ரகம் சார், சிவப்பு இட்லிப்பூ, வருஷம் பூரா பூக்கும்" என்றார்கள். அப்போது பூ இல்லை, இலை மட்டும்தான். பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றி மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறேன். காலை வெயில் நான்கு மணி நேரம் விழும்.

வந்த மூன்றாவது வாரமே நுனி இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. இப்போது புதுத் துளிர் எல்லாம் எலுமிச்சை நிறம். கீழே இருக்கும் பழைய இலை மட்டும் கரும்பச்சையாகவே இருக்கிறது. பூவைக் காணவே காணோம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. செங்கல்பட்டில் மாமா வீட்டுக் கொல்லையில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஒரு செடியை "வெள்ளை இட்லிப்பூ" என்று சொல்லி ஒரு கன்று கொடுத்தார்கள். அதற்கு ஒரு நோயும் இல்லை, அதே தண்ணீரில் ஜோராக வளர்கிறது. ஒரே சாதிச் செடி என்றால் ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

பில்டர்காபி | ஜூன் 11

காபித் தூளை வீணாக்காதீர்கள். டிகாக்‌ஷன் இறக்கின பிறகு மிஞ்சும் சக்கையைக் காயவைத்து வாரம் ஒரு கைப்பிடி போடுங்கள். அமிலம் ஏறும், பச்சை திரும்பும். என் அனுபவம்.

இலைநரம்பு | ஜூன் 11

தம்பி, மஞ்சள் இலையில் நரம்பு என்ன நிறம் என்று சொல்லுங்கள். இலை முழுக்க மஞ்சளா, இல்லை நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்ட மாதிரி நிற்கிறதா? அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

எது என்ன செடி என்பதற்குப் பூ வேண்டியதில்லை, இலையே பேசும். மூன்று இடத்தைப் பாருங்கள். இலை தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, காம்பு உண்டா? எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைக்கு நடுவில் தண்டை ஒட்டி ஊசி முனையோடு ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கிறதா? வெள்ளைச் செடியின் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே ஏதாவது தெரிகிறதா?

மொட்டைமாடி_தாம்பரம் | ஜூன் 12

நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். சரியாக வலை போட்ட மாதிரிதான். கடைசித் துளிர் இரண்டு கிட்டத்தட்ட வெள்ளை, ஓரம் கருகியிருக்கிறது.

செதில் இருக்கிறது! இத்தனை நாள் பார்த்ததே இல்லை. இரண்டு செடியிலும் இருக்கிறது. சிவப்புச் செடியின் இலைக்குக் குட்டையாக ஒரு காம்பு உண்டு, அரை சென்டிமீட்டர் இருக்கும். அடிப்பக்கம் குறுகி வந்து காம்பில் சேர்கிறது.

வெள்ளைச் செடியை இரவு செல்போன் டார்ச்சில் பிடித்துப் பார்த்தேன். இலைக்குள் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. தேய்த்தால் போகவில்லை. பூஞ்சையா?

இலைநரம்பு | ஜூன் 12

பூஞ்சை இல்லை. மாமா கொடுத்தது இட்லிப்பூவே இல்லை, பாவட்டை. அந்தப் புள்ளிகள் இலைத் திசுவுக்குள் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள். செடிக்கு அவற்றால் கெடுதல் கிடையாது. இந்த முடிச்சு இக்சோராவில், அதாவது வெட்சி இனத்தில், வராது. பூத்ததும் இன்னொன்றைப் பாருங்கள். பாவட்டைப் பூவில் சூல்தண்டு (பூவின் நடுவில் ஊசி போல நிற்கும் பெண்ணுறுப்பு), குழல் வாயைத் தாண்டி இன்னும் ஒரு குழல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குண்டூசி குத்திய பஞ்சு மாதிரி கொத்தே சிலிர்த்துக்கொண்டு தெரியும். இட்லிப்பூவில் அது கொஞ்சம்தான் தலைகாட்டும், நுனியும் இரண்டாகப் பிளந்திருக்கும்.

இரண்டும் காபிக் குடும்பம், அதனால்தான் அந்தச் செதில். நுணாவிலும் காபியிலும் வெள்ளையிலைச் செடியான முசாண்டாவிலும் அதைப் பார்க்கலாம். செங்கல்பட்டு, வண்டலூர்ப் புதர்க்காடுகளில் பாவட்டை தானாக வளர்வது, அந்த ஊர் மண்ணுக்கும் வறட்சிக்கும் பழகியது. உங்கள் தாம்பரத்துத் தண்ணீர் அதற்கு விருந்து.

இப்போது சிவப்புக்கு வருவோம். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய வெட்சியில் இலைக்குக் காம்பே இல்லை என்று சொல்லலாம். அடிப்பாகம் வட்டமாகவோ லேசாக இதய வடிவிலோ தண்டை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும். உங்களுடையதில் அரை சென்டிமீட்டர்க் காம்பு, அடி குறுகல். இது சீன இக்சோரா வழி வந்த கலப்பினமாக இருக்க நிறைய வாய்ப்பு. பூ வந்தால் இதழ் நுனியைப் பாருங்கள். நாட்டு வெட்சிக்கு நான்கு இதழும் ஈட்டி முனை மாதிரி கூராக முடியும். சீன வகைக்கு நுனி உருண்டை, கொத்தும் அடர்த்தியாகப் பந்து போல நிற்கும். இலையே ஒரு சாண் நீளம், கொத்து ஒரு தட்டு அளவு என்றால் அது சூப்பர் கிங் என்ற ரகம். அடுக்குமாடி வாசல்களில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்தியிருக்கும் குட்டி ஆரஞ்சு எல்லாம் குட்டை ரகக் கலப்பினங்கள். அவற்றையும் நம் ஊரில் "நாட்டு மினி" என்று விற்பார்கள், அது தனிக் கதை.

ஐந்து இதழ், இலையில் மெத்தென்று முடி என்றால் அது பென்டாஸ். இட்லிப்பூ என்று நினைத்து அதை வாங்கிவந்தவர்களை நான் அறிவேன். அதில் நானும் ஒருத்தி.

புலவர்தெரு | ஜூன் 13

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நிரை கவர்ந்தவர்கள் சூடியது வெட்சி, மீட்டவர்கள் சூடியது கரந்தை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம். அந்த வெட்சி குறிஞ்சி நிலத்துப் பூ. மலைச்சாரலில் தானாக வளர்ந்த சிவப்பு வெட்சிதான் அதற்குப் பொருந்தும். இன்று முருகன் கோயில் வாசலில் கட்டி விற்கும் உருண்டை இதழ்ப் பூவைப் பார்த்து "இதுதான் சங்க கால வெட்சி" என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக எழுதலாம்.

பில்டர்காபி | ஜூன் 13

சாமிக்கு உருண்டையா கூரா என்றெல்லாம் தெரியுமா ஐயா? எங்கள் அம்மா விருச்சிப்பூ என்பார். பக்கத்து வீட்டில் இட்லிப்பூ. பூ ஒன்றுதானே.

தெச்சிக்காடு | ஜூன் 13

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதற்குத் தெச்சி என்று பெயர். வேலியோரம், ரப்பர்த் தோட்டத்து விளிம்பு, காவுகள் என்று எங்கும் தானாக நிற்கும். யாரும் உரம் வைத்ததில்லை. பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைக்குக் கரப்பான் என்ற தோல் புண்ணுக்குத் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். பழம் சிவந்து, பிறகு கறுத்துக் கனியும், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தின்போம். லேசான இனிப்பு, பெரிய கொட்டை.

இலைநரம்பு அக்கா சொன்னது சரி. எங்கள் தெச்சிக்கு இலைக்காம்பு கிடையாது. ஆனால் ஒன்று, இங்கே செம்புறை மண், மழையும் அதிகம். இதே செடியைச் சென்னையில் மகள் வீட்டில் வைத்தேன், ஆறே மாதத்தில் மஞ்சள். செடி மேல் குற்றம் இல்லை, மண்ணும் தண்ணீரும்தான்.

கிணத்தடி_யாழ் | ஜூன் 14

யாழ்ப்பாணத்திலிருந்து. நாங்கள் எக்ஸோரா எண்டு சொல்லுவம். எங்கட மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணி கொதிக்க வைச்சால் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணி ஊத்தின எக்ஸோரா எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரித்தான் நிறம் மாறும். மாரி மழை பெய்யத் தொடங்கினால் ஒரு மாதத்தில் தானாகப் பச்சை பிடிக்கும், கோடையில் திரும்ப மஞ்சள். முப்பது வருசமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறன்.

தம்பி, உங்கட தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கா எண்டு பாருங்கோ. அதில் இரண்டு சொட்டு வினாகிரி விடுங்கோ. நுரைச்சால் சுண்ணாம்பு.

மொட்டைமாடி_தாம்பரம் | ஜூன் 14

நுரைத்தது. சோடா திறந்த மாதிரி சின்னதாக ஒரு 'ஸ்ஸ்'. விளிம்பில் மட்டும் இல்லை, தொட்டியில் மேல் மண்ணைக் கரண்டியால் எடுத்து விட்டேன், அதுவும் பொங்கியது. எங்களுக்கு போர்வெல் தண்ணீர்தான். போதாததற்குச் செடி இருக்கும் இடத்தில் சுவருக்குப் புதிதாகப் பூச்சு வேலை நடந்தது, சிமென்ட் உதிர்ந்து தொட்டிக்குள் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "செடிக்காகச் சுவரைப் பூசாமல் விடவா" என்கிறார்.

அப்படியானால் காபிச் சக்கை?

இலைநரம்பு | ஜூன் 14

காபிச் சக்கையால் கெடுதல் ஒன்றுமில்லை, மக்கினால் எருதான். ஆனால் அமிலம் பெரும்பாலும் டிகாக்‌ஷனோடு டம்ளருக்குப் போய்விடுகிறது. இறக்கிய சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான். காபிக் குடும்பத்துச் செடிக்குக் காபியே வைத்தியம் என்பது கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். மோர் ஊற்றச் சொல்லவும் ஆள் வருவார்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: எறும்புதான் மிச்சம்.

நடப்பது இது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. வெட்சிக்குக் கார அமில அளவு (pH) 5.5-லிருந்து 6.5-க்குள் இருந்தால் சந்தோஷம். சுண்ணாம்புத் தண்ணீர் அதை 8 பக்கம் தள்ளிவிட்டால் இரும்பு கரையாத உருவத்துக்கு மாறிவிடுகிறது, வேருக்கு எட்டாது. ஒருமுறை இலைக்குப் போன இரும்பு அங்கிருந்து நகராது. அதனால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதுத் துளிர்தான் பட்டினி கிடக்கும். தழைச்சத்துக் குறை என்றால் நேர்மாறாக அடி இலை முதலில் மஞ்சளாகும். நிறைய பேர் இரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியாவைக் கொட்டுவார்கள்.

செய்ய வேண்டியது:

தொட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். மேல் மண் இரண்டு அங்குலம் சுரண்டி எறியுங்கள். முடிந்தால் மொத்தமாகக் கலவை மாற்றுங்கள்: செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலைத்தழை ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. மாற்றும்போது வேர்க்கட்டியை உடைக்க வேண்டாம்.

உடனடி ஆறுதலுக்கு இலையில் தெளியுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி, அதாவது பெர்ரஸ் சல்பேட், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம். சாயங்காலம் தெளிக்க வேண்டும், வெயிலில் தெளித்தால் இலை கருகும். தரையிலும் துணியிலும் பட்டால் துருக்கறை விழும், போகவே போகாது.

வேருக்குக் கொடுக்க இரும்புச் செலேட் வாங்குங்கள், இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும் உரம் அது. இங்கேதான் கவனம். ஈடிடிஏ என்று ஒன்று, ஈடிடிஹெச்ஏ என்று ஒன்று. முதலாவது உங்கள் மண்ணில் நிற்காது, காரம் ஏறினால் இரும்பைக் கைவிட்டுவிடும். இரண்டாவதுதான் வேண்டும். விலை கூடுதல். கரைத்தால் தண்ணீர் திராட்சை ரசம் போலக் கருஞ்சிவப்பாக வரவேண்டும். வெளிர் மஞ்சளாக வந்தால் கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்திருக்கிறார். உங்கள் தொட்டிக்கு 2 கிராம், ஒரு லிட்டரில் கரைத்து ஊற்றுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை.

அண்ணாநகர்_ஏசி | ஜூன் 15

தண்ணீருக்கு ஒரு யோசனை. ஏசியின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு பக்கெட் நிறையும். இரண்டு கோடையாக என் வெட்சிக்கு அதுதான். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறேன்.

கலவரமானஅம்மா | ஜூன் 15

மன்னிக்கவும், அவசரம். என் பையன் பூங்காவில் இட்லிப்பூச் செடிப் பழம் இரண்டு தின்றுவிட்டான். விஷமா???

தெச்சிக்காடு | ஜூன் 15

பயப்படாதீங்கம்மா. இட்லிப்பூப் பழம்தான் என்று உறுதியானால் விஷமில்லை, நாங்கள் தின்று வளர்ந்ததுதான். ஆனால் அது வேறு செடியாக இருந்தாலோ, பூங்காவில் மருந்து அடித்திருந்தாலோ கதை வேறு. ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், மனசும் நிம்மதியாகும்.

கலவரமானஅம்மா | ஜூன் 15

காட்டினோம். இட்லிப்பூதான். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறான். இன்னும் வேண்டுமாம்.

கிள்ளான்_அக்கா | ஜூன் 18

மலேசியாவிலிருந்து. இங்கே இதைச் சியாந்தான் என்பார்கள், ஜெஜாரும் என்றும் சொல்வதுண்டு. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ரோட்டு ஓரம் முழுக்க இதுதான் வேலி. மண்ணே புளிப்பு, மழைக்கும் குறைவில்லை, அதனால் மஞ்சள் பிரச்சினை எனக்குத் தெரியாது. சின்ன வயதில் பூவின் நடுநரம்பை மெல்ல உருவினால் நுனியில் கடுகு அளவு தேன் சொட்டு வரும், அதை நக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம். இதைக் கேட்கும் என் பேரப்பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

வெட்டுவது பற்றி ஒன்று சொல்கிறேன். பூ வருவது புதுக் கிளையின் நுனியில். நகராண்மைக் கழகத்து ஆட்கள் மாதா மாதம் இயந்திரத்தால் மழமழவென்று சீவிவிட்டுப் போவார்கள், அந்த வேலியில் இலைதான் இருக்கும், பூ இருக்காது. ஒரு சுற்றுப் பூ உதிர்ந்ததும் கொத்துக்குக் கீழே ஒரு கணு விட்டு வெட்டுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை வரும். அப்புறம் கத்தரியை ஒளித்து வைத்துவிடுங்கள்.

மொட்டைமாடி_தாம்பரம் | ஆகஸ்ட் 20

இரண்டு மாதக் கணக்கு. கலவை மாற்றினேன், சுவரை விட்டுத் தள்ளினேன். முதல் கடையில் கொடுத்த செலேட் வெளிர் மஞ்சளாகக் கரைந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன் (பெரிய வாக்குவாதம்). இரண்டாவது கடையில் கிடைத்தது கருஞ்சிவப்பு. ஏசி தண்ணீரும் மழைத் தண்ணீரும் மாற்றி மாற்றி.

வெள்ளையாகிப் போன இலைகள் திரும்பவில்லை, விழுந்துவிட்டன. அதற்கு மேல் வந்த துளிர் முதலில் செம்பு நிறமாக வந்து, பத்து நாளில் பச்சைக்கு மாறியது. ஒரே கிளையில் கீழே கரும்பச்சை, நடுவில் மஞ்சள், மேலே மறுபடி பச்சை என்று மூன்று பட்டை. தேதி போட்டு வைத்த மாதிரி இருக்கிறது.

பாவட்டை பூத்தது. சூல்தண்டு நீட்டிக்கொண்டு, அப்படியே குண்டூசிப் பஞ்சு. மாமாவிடம் சொன்னேன். "அப்படியா, எங்க பாட்டி இலையை வாட்டி மூட்டு வலிக்குக் கட்டுவாங்களே, அந்தப் பாவட்டையா" என்று அவரே கேட்கிறார்! பேர் தெரிந்திருக்கிறது, செடியைத்தான் தெரியவில்லை.

புலவர்தெரு | ஆகஸ்ட் 20

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

மொட்டைமாடி_தாம்பரம் | அக்டோபர் 27

புதுத் தொல்லை. நுனியில் மொட்டுக் கொத்து வந்தது, சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் எறும்பு ஊர்வலம். இலை மேல் புகைக்கரி தடவின மாதிரி கறுப்பு. துடைத்தால் வந்துவிடுகிறது. பழைய இலைகளில் ஊதாச் சிவப்பாகத் திட்டுகளும் இருக்கின்றன.

இலைநரம்பு | அக்டோபர் 27

எறும்பு வந்த வழியே போங்கள். மொட்டுக் காம்பிலோ இலை அடியிலோ அசுவினி அல்லது செதில் பூச்சி இருக்கும். அது கழிக்கும் தேன் மாதிரியான பிசுக்கில்தான் கரும்பூசணம் படர்கிறது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கிச் சாயங்காலம். மலர்ந்த பூவில் படாமல் அடியுங்கள், பட்டாம்பூச்சிகள் வரும் செடி இது.

பழைய இலைத் திட்டு சாம்பல்சத்துக் குறையாக இருக்கலாம். தொட்டியில் ஊற்றி ஊற்றி அது கரைந்து போய்விடும். மர அடுப்புச் சாம்பலைப் போட்டுவிடாதீர்கள், அதுவும் காரம், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். சல்பேட் ஆப் பொட்டாஷ் கொஞ்சம் போதும்.

மொட்டைமாடி_தாம்பரம் | நவம்பர் 19

பூத்துவிட்டது. நாற்பது ஐம்பது பூ ஒரே கொத்தில், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. தேன்சிட்டு ஒன்று தினமும் ஏழரைக்கு வருகிறது.

ஒரு பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். நான்கு இதழ். நுனி உருண்டை. கொஞ்சம்கூடக் கூர் இல்லை.

இலைநரம்பு | நவம்பர் 19

அப்போ சீன வழிதான். வருத்தப்படாதீர்கள், தொட்டிக்கு அது நல்ல செடி.

பில்டர்காபி | நவம்பர் 19

பூ ஒன்றுதானே என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் செடியின் இதழைப் பார்த்தேன். கூர். எனக்கே தெரியாமல் நாட்டு வெட்சிக்குக் காபிச் சக்கை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தெச்சிக்காடு | நவம்பர் 20

தாம்பரம் தம்பிக்கு: அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு வருகிறேன். மிகவும் முற்றாத, பச்சையும் பழுப்புமான கிளையில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகப் பத்துக் குச்சி வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவேன். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணலும் நார்க்கழிவும் கலந்து நிழலில் வையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் கவர் கவிழ்த்துவிடுங்கள். இழுத்து இழுத்துப் பார்க்கக் கூடாது. பத்தில் மூன்று பிழைத்தால் லாபம்.

மொட்டைமாடி_தாம்பரம் | ஜனவரி 30

பத்தில் நான்கு. எட்டு வாரம் ஆனது. வாக்குக் கொடுத்தபடி இழுத்துப் பார்க்கவில்லை (ஒன்றை மட்டும் இழுத்தேன், அது ஐந்தாவது). இன்று காலை முதல் ஜோடிப் புது இலை விரிந்திருக்கிறது, நகம் அளவு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காம்பு இல்லை, தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.